தட்டில் ஊற்றிய பாணி

எரிமலை இல்லாத ஊரில் இருந்துகொண்டு
எரிகுழம்பைப் பற்றி எழுத வேண்டியிருந்தது எனக்கு.
ஹப்புத்தளையில், வாடகை அறையில்,
கரண்ட் போன ஒரு செவ்வாய் இரவு
சித்தி நிஹாராவிடம் தகரத் தட்டொன்று கேட்டேன்.
"கேக்கா?" என்றார்.
"இல்லை, பாறை."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

தட்டின் ஒரு முனைக்கு அடியில் அகராதி.
பக்கத்தில் ஒரு போத்தல் கித்துள் பாணி.
நேரம் பார்க்கக் கைப்பேசி, அதன் வெளிச்சமே விளக்கு.

வெறும் பாணி: ஒன்பது செக்கன்.
கடன் கேட்க வருகிறவனைப் போல
வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.
ஒரு பிடி கடுகு: பன்னிரண்டு.
இன்னொரு பிடி: இருபத்தாறு.
ஒவ்வொரு கடுகும் தன்னை ஒட்டிய பாணியைத்
தன்னோடே வைத்துக்கொண்டது.
பாணி குறையவில்லை.
ஓடுவதற்கென்று மிஞ்சிய பாணிதான் குறைந்தது.

கழுவிவிட்டு,
சித்தி பெருநாளுக்கு எடுத்துவைத்திருந்த
பாஸ்மதியில் கை வைத்தேன்.
முதலில் அரிசியெல்லாம் நல்ல பிள்ளைகள்;
ஓட்டம் போகும் பக்கம் தலை திருப்பி
நீட்டி நிமிர்ந்து மிதந்தன.
பிடி கூடியதும் ஒன்றின் விலாவில் இன்னொன்று குத்தி,
குறுக்கே ஒன்று விழுந்து, அதன்மேல் ஒன்று சாய்ந்து,
மூன்றாம் பிடியில்
நின்றது.

மூன்று பிடியிலும் கடுகு ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.
நீளமானவைதான் சீக்கிரம் பூட்டிக்கொள்கின்றன.

தட்டை இன்னும் உயர்த்தினேன். அசைவில்லை.
ஈரமான, இனிக்கிற நிலம்.

குழம்பு எப்போது கல்லாகும்?
குளிரும்போது என்று பத்தாம் வகுப்பில் எழுதினேன்,
முழுப் புள்ளி போட்டார்கள்.
பாதிப் புள்ளிதான் போட்டிருக்க வேண்டும்.
குளிர்ந்து முடிய வெகுகாலம் முன்னே,
உள்ளே பாதி இன்னும் நெருப்பு நீராய்க் கிடக்கையிலே,
படிகமும் படிகமும் தோள் தொடும் இடத்தில்
அது நிற்கத் தொடங்கிவிடுகிறது.

அப்போதுதான் கதவு தட்டி அமராவதி வந்தாள்,
கறுப்பு உரப்பையைத் தலைக்குக் கொங்காணி போட்டு,
முழங்கால்வரை தார்க்கறை.
என்னோடு ஒரே வாங்கில் படித்தவள்,
இப்போது மேல்மலையில் கொழுந்து.
"திங்கக்கெழம பதினோரு பேரு றோட்டுல குந்துனோம்.
லொறிக்காரன் வளைச்சிக்கிட்டுப் போயிட்டான்.
நேத்து எழுவது இருக்கும்.
ஹோர்ன் அடிச்சி அடிச்சி நகந்தான்."
"இன்னைக்கு?"
"எண்ணல. லொறி நிண்டுச்சி."

நான் தட்டைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"எங்கள அதுல போடாத.
அரிசிக்குப் பசிக்குமா?
குந்துன எடத்துல கால் மரத்துப் போவுமா?
வீட்டுல புள்ள அழுவுதுன்னு
நடுவுல ஒண்ணு எந்திரிச்சிப் போவுமா?"
சொல்லிக்கொண்டே, கோபத்தில் என்றும் சொல்ல முடியாது,
தட்டின் விளிம்பை விரலால் ஒரு சுண்டு.

அவ்வளவுதான்.
நின்றது முழுக்க ஒரே மூச்சில் பெயர்ந்து
அகராதிமேல், பாயின்மேல், அவள் செருப்பின்மேல்.
சிரித்தது அவள்தான் முதலில்.
எறும்புகள் விடியுமுன்னே வந்துவிட்டன.

மறுவாரம் இதல்கஸ்ஹின்ன பக்கம்
ரயில் பாதைக்கு வெட்டிய பாறையில் பார்த்தேன்.
கறுப்புக்குள் வெள்ளையாய் ஒரு வரி,
ஐம்பது கோடி வருஷத்துக்கு முன் உருகியது.
அதற்குள் ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து,
ஓரிடத்தில் மட்டும் ஒன்றோடொன்று முட்டிக் குவிந்து,
நடுவில் ஒரு சிவப்புக் கார்னட்,
நெரிசலில் தனியாக.
பதுளை ரயில் வந்தது. ஒதுங்கி நின்றேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மூன்று பிடி, நின்றது. அதிர்ந்தால் ஓடும்.
அதிர வைத்தது யாரென்று எழுதும் கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.

லொறி ஆறு நாள் நின்றது. ஏழாம் நாள் பேச வந்தார்கள்.
என்ன பேசினார்கள் என்று அமராவதி இன்னும் சொல்லவில்லை.

அகராதியில் 'ஓ' பக்கங்கள் ஒட்டிக் கிடக்கின்றன.
ஓடு என்ற சொல்லுக்கு
இப்போதெல்லாம் நான் பொருள் பார்க்க முடிவதில்லை.